விநாடிக்கு 10 மில்லிமீட்டர்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் சோதனைக் கூடத்தின் நடுவில் ஒரு கிரானைட் மேசை இருக்கிறது. அதன்மேல் இரண்டு கனமான இரும்புக் கட்டைகள். அடியில் காற்றை ஊதினால், தலைமுடியைவிட மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கும். சுண்டுவிரல் பட்டாலே நகரும். உராய்வில்லாத விண்வெளியைத் தரையில் கொண்டுவர எங்களுக்குத் தெரிந்த வழி இது. இரண்டு கட்டையிலும் ஒரே மாதிரி டாக்கிங் வளையம், அதாவது விண்வெளியில் இரண்டு கலங்களை இணைக்கும் வளையம். மெல்ல முட்டவிட்டு, பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் ஆறு வருடமாக என் வேலை.

சேர்ந்த புதிதில், கொக்கி பலமாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மேசை அதை மாற்றியது. வேகம் கொஞ்சம் கூடினால், கொக்கி விழுவதற்குள் கட்டை எகிறிப் பின்னால் போய்விடும். ரொம்பக் குறைந்தாலோ கொக்கியை அழுத்தித் திறக்கும் அளவுக்கு உந்துதல் இருக்காது. முதலில் லேசாகப் பற்ற வேண்டும். அப்புறம் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, உள்ளே இழுத்து, கடைசியில்தான் இறுக்கிப் பூட்டுவது. ஆட்கள் இருக்கும் விண்வெளி நிலையமென்றால் அதன் பிறகும் காற்று கசிகிறதா என்று பார்த்துத்தான் கதவைத் திறப்பார்கள்.

ஒருமுறை மூன்று கொக்கிகளில் ஒன்று மட்டும் விழவே மாட்டேன் என்றது. மென்பொருள், சென்சார், மோட்டார் என்று எட்டு நாள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். எங்கள் ஃபிட்டர், சேலத்துக்காரர், வளையத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "தம்பி, இங்க நகம் மாட்டுது பாரு." கண்ணுக்கே தெரியாத பிசிர். எண்ணெய்க்கல்லால் நாலு தேய்ப்பு. அடுத்த முறை மூன்றும் ஒரே 'டக்'.

2024 டிசம்பர் 30 அன்று, விண்வெளியில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கிளம்பியது. தலா சுமார் 220 கிலோ எடையில் இரண்டு செயற்கைக்கோள்கள். அந்தத் திட்டத்தில் எங்களுக்குப் பங்கில்லை. ஆனால் மனசு அங்கேதான் கிடந்தது. இரண்டும் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. ஒன்றையொன்று நெருங்க வேண்டியதோ விநாடிக்கு 10 மில்லிமீட்டர் அளவில். ஜனவரி 7 என்றார்கள், 9 என்றார்கள். 12ஆம் தேதி 3 மீட்டர் வரை வந்து, பத்திரமாகப் பின்வாங்கின. வீட்டில் எல்லோரும் "ஏன் இப்படி இழுக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பின்வாங்கல்தான் பெரிதாகப் பட்டது. மூன்று மீட்டரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அந்த மேசை முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும்.

16ஆம் தேதி காலை இணைந்துவிட்டன. கூடத்தில் லட்டு கொடுத்தோம். ஃபிட்டர் அண்ணன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பிடிச்சது சரி தம்பி, விடுமா?"

சரியான கேள்வி. நாளைக்கு இந்தியா அமைக்கப்போகும் விண்வெளி நிலையத்தில் ஆட்கள் இருக்கும்போது, கொக்கி விடவில்லையென்றால் அவர்கள் வீடு திரும்ப முடியாது. பிரியும்போது உந்தும் விசையும் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலே கலம் சுழல ஆரம்பித்துவிடும். அன்றிலிருந்து எங்கள் மேசையில் பூட்டும் சோதனை எத்தனையோ, அத்தனை விடும் சோதனையும் செய்கிறோம்.

மார்ச் 13 அன்று இரண்டும் பிரிந்த செய்தி வந்தது. அண்ணன் அன்று லீவில் ஊருக்குப் போயிருந்தார். போன் போட்டு, "அண்ணே, விட்டுடுச்சு" என்றேன்.