பொடியனுக்கு நான்காம் முறை வந்தபோது

எங்கள் வீட்டுக் கூண்டுக்கிளி பொடியன் ஒரு பெண். வாங்கும்போது கடைக்காரர் மூக்கைக் காட்டி, "நீலமா இருக்கு பாருங்க, ஆண்" என்றார். அலகுக்கு மேலே மெழுகு பூசியதுபோல ஒரு பட்டை இருக்குமே, குஞ்சுப் பருவத்தில் அது பெண்ணுக்கும் வெளிறிய நீலமாக இருக்கலாம், மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. சில மாதங்களில் மூக்கு பழுப்பாகிவிட்டது. அதற்குள் பெயர் நிலைத்துப்போனது. நம் பக்கம் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் அந்தச் சின்னக் கிளிதான். சரியான பெயர் பட்ஜி, பூர்வீகம் ஆஸ்திரேலியா. துணைக்கு ஒரு மஞ்சள் நிற ஆணையும் சேர்த்தே வாங்கினோம். அதற்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு மஞ்சள் என்றே கூப்பிட்டோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம் எங்களுடையது. ஓட்டு வீடு, பின்னால் கொஞ்சம் ரப்பர். கூண்டு பின் திண்ணையில் தொங்கியது. காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும் இடம் என்று நினைத்தோம். விறகடுப்புப் புகையும் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகையும் அதே வழியாகத்தான் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

நோய் முதல் தடவை வந்தது ஆனி மாத மழையில். பொடியன் பந்துபோல இறகைப் புடைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கம்பியில் ஒற்றைக் காலில் உட்கார்ந்திருந்தாள். எச்சம் தண்ணீராகப் போனது. கிளி வாங்கிய கடையில் ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கி வைக்கச் சொன்னார்கள். நான்கைந்து நாளில் தெளிந்தாள். ஐப்பசி மழையில் மறுபடி அதே கதை, அதே பொடி. மூன்றாம் முறை பொடியும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாடு, ஆடு, நாய்னா பாப்பேன். முப்பது கிராம் பறவைக்கு ஊசி போட எனக்குத் தைரியம் வராது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அம்மாவுக்குத் தெரிந்தது கோழி வைத்தியம். "மக்களே, சின்ன வெங்காயமும் மொளகும் மஞ்சளும் அரைச்சு ஒரு உருண்டை குடுத்தா எல்லாம் நிக்கும்" என்றார். எத்தனையோ கோழிகளுக்குக் கொடுத்த கை. நல்லவேளை, பொடியன் வாயைத் திறக்கவில்லை. கிளி இனத்துக்கு வெங்காயம் ஆகாது என்று பிறகு டாக்டர் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான்காம் முறை வந்தது வேறு மாதிரி இருந்தது. நாள் முழுக்கத் தினைக் கிண்ணத்திலேயே இருந்தாள். சரி, தின்கிறாளே, பிழைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கையில் எடுத்தபோது நடு நெஞ்சு எலும்பு கத்திமுனைபோலக் குத்தியது. அப்புறம்தான் கூண்டுத் தட்டைக் குனிந்து பார்த்தேன். எச்சத்தில் தினை செரிக்காமல் முழுசு முழுசாகக் கிடந்தது. தலை இறகு ஏதோ பசை பட்டதுபோல ஒட்டியிருந்தது, வாந்தி எடுத்துத் தலையை உதறியிருக்கிறாள். கிண்ணம் நிறைந்திருந்ததும் ஏமாற்றுதான், மேலே இருந்ததெல்லாம் வெறும் உமி. ஊதிப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் மணி. நோய் வந்த பறவை, தின்பதுபோலப் பாவனை காட்டும் என்பார்கள். காட்டில் நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்து தூக்கிவிடும், அந்தப் பழக்கம் கூண்டிலும் போகாது. நமக்கு நோய் தெரிகிறது என்றால் அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

திருவனந்தபுரத்தில் பறவைகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டர் இருப்பதாக மச்சான் விசாரித்துச் சொன்னான். அவன் காரிலேயே போனோம். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று அந்த ரோட்டின் நெரிசல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சின்னக் கூண்டைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கிளம்புமுன் கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்திருந்தேன், வழியில் விழுந்த எச்சம் அதில் இருந்தது. டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். அவர் மலையாளம், நான் தமிழ். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல், இருமல் உண்டா என்றும் கேட்டார். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு காய்ச்சல் இருக்கிறதாம். எங்களுக்கு இல்லை. இருந்தாலும் கூண்டு கழுவும்போது தட்டை முதலில் நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஈர எச்சத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ஈர்க்கில் ஒடித்துப் போட்டதுபோல நீள நீளமான குச்சிகள். மேக்ரோராப்டஸ் என்று பெயர். இரைப்பையில் வளரும் ஒரு வகை ஈஸ்ட், அதாவது பூஞ்சை. முன்பு இதைப் பெரிய பாக்டீரியா என்று நினைத்து மெகாபாக்டீரியா என்று பெயர் வைத்திருந்தார்களாம். நான் மூன்று முறை கலக்கிக் கொடுத்த மஞ்சள் பொடி பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். பூஞ்சையை அது தொடக்கூட இல்லை. இடையில் தெளிந்தது அதன் போக்கில் தெளிந்தது. நாலு தடவை நாலு நோய் என்று நான் எண்ணியிருக்க, வந்தது ஒரே நோய், அது போகவே இல்லை.

தண்ணீரில் மருந்து கலப்பதையும் டாக்டர் திட்டினார். பட்ஜி ஒரு நாளைக்குக் குடிப்பது சில மில்லிதான். கசந்தால் அதையும் குடிக்காது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

ஆம்போடெரிசின் என்ற மருந்தை வாயில் விடும்படி கரைத்துத் தந்தார். இருவேளை, ஒரு மாதம். அளவை இங்கே எழுதமாட்டேன், அது அன்றைய எடையை வைத்துக் கணக்கிடுவது. முதல் இரண்டு நாள் எனக்குத்தான் கை நடுங்கியது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இரு பக்கமும் இருக்க வேண்டும், உடம்பு உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு, இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும். ஊசியில்லாத சிரிஞ்சை வாயோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவள் விழுங்கியது பாதி, என் சட்டையில் மீதி. மூன்றாம் நாளிலிருந்து மெல்லிய கைக்குட்டையில் சுற்றிப் பிடிக்கப் பழகினேன். ஒரு வாரத்தில் வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. கடித்த தழும்பு இப்போதும் பெருவிரலில் இருக்கிறது.

டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் எங்களைத் திகைக்க வைத்தது. "மற்றதையும் கொண்டு வாருங்கள்." மஞ்சளுக்கு என்ன? கொழுகொழுவென்று பாடிக்கொண்டு திரிகிறான். அடுத்த வாரம் கொண்டுபோனோம். அவன் எச்சத்திலும் அதே குச்சிகள். பட்ஜி ஜோடி ஒன்றுக்கொன்று வாயில் ஊட்டிக்கொள்ளும், எச்சம் பட்ட தினையையும் கொத்தும். ஒன்று தாங்கிக்கொள்ளும், இன்னொன்று படுத்துவிடும். பொடியனுக்கு மட்டும் மருந்து கொடுத்து அதே கூண்டில் விட்டிருந்தால் ஐந்தாம் முறைக்கு நாள் குறித்ததுபோல்தான். இருவருக்கும் சேர்த்து மருந்து ஓடியது.

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். தினமும் காலையில், தீனி வைக்கும் முன், முதல் பெரிய எச்சம் போட்ட பிறகு எடை. தராசின் மேல் ஒரு குச்சி பொருத்தினேன், தினைக் கதிர் ஒன்றைக் காட்டினால் தானே ஏறி நிற்பாள். டாக்டரிடம் போனபோது 27 கிராம். மருந்து முடிந்தபோது 32. இப்போது 35, 36க்குள் நிற்கிறாள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். அவள் எடைக்கு அது மூன்றரை கிராம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது, நோட்டில் தெரியும். இறகு உதிர்க்கும் காலத்திலும் தொடர்மழையிலும் இறங்குவது இரண்டு மூன்று மாதத்திலேயே புரிந்துவிட்டது.

வீட்டிலும் சில மாற்றம். கூண்டு முன்னறைக்கு வந்தது, புகைக்கு எட்டாத இடம். கோட்டாறு போகும்போது ஐந்து கிலோ தினை வாங்கி டின்னில் போட்டு வைக்கும் பழக்கத்தை விட்டோம். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, டின்னுக்குள் ஈரம் கட்டிப் பூசணம் பிடிப்பது மூக்கை வைத்தால்தான் தெரியும். இப்போது அரைக் கிலோ. வெயில் அடித்தால் முறத்தில் பரப்பிக் காய வைக்கிறோம். உட்காரும் கம்புக்கு நேர் கீழே இருந்த கிண்ணங்களை எச்சம் விழாத மூலைக்கு மாற்றினேன். வெறும் தினையில் வைட்டமின் ஏ இல்லாததால் தொற்று எளிதாகப் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். கீரைக்காக எங்கள் வீட்டில் காசு செலவானதே இல்லை, முருங்கை கிணற்றடியிலேயே நிற்கிறது. மூன்று வாரம் அதைப் பார்த்துப் பயந்தாள், நான்காம் வாரம் மஞ்சளிடமிருந்து பிடுங்கித் தின்றாள். குளிர் நாட்களில் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு எரியும், வேண்டுமானால் நெருங்கலாம், வேண்டாமென்றால் நகரலாம்.

நோய் அடியோடு போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. ஒருமுறை எச்சத்தில் குச்சி தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லையாம், எல்லா நாளும் அது வெளியே வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறோம். இரண்டு முறை தெரியவில்லை. மூன்றாவது வரும் ஆனியில்.

போன வாரம் அடுத்த வீட்டு அக்கா ஊரைக் காலி செய்யும்போது தன் நீலக் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா அதை மாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். "எச்சம் பாத்துட்டு வாறது வரைக்கும் கீழ கொண்டு வராதே" என்றார். பொடியனும் மஞ்சளும் கீழேயிருந்து கத்துகிறார்கள், அது மேலேயிருந்து பதில் கத்துகிறது. சனிக்கிழமை மச்சானுக்கு லீவு, வெள்ளைத்தாள் விரித்து வைத்திருக்கிறேன்.