கப்பலில் ஏறாத ஆள்

செப்டம்பர் 9
ரிப்போர்ட் வரவில்லை. வியாழக்கிழமை என்கிறார்கள்.

செப்டம்பர் 10
முதல் பக்கம் முடியவே நள்ளிரவு தாண்டிவிட்டது, அப்புறம்தான் எம்டன் கட்டுரை. அந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுட ஆரம்பித்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றிக்கொண்டன. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை.

செப்டம்பர் 11
எனக்கு முன்னால் எழுதியவர்கள் பலர் அவரை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஒருவர் டாக்டர் என்கிறார், இன்னொருவர் இன்ஜினீயர் என்கிறார். எம்டனோ போருக்கு முன்பு சீனக் கரையில் சிங்தாவில் நின்ற கப்பல். இவர் அந்த வருடம் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் கமிட்டி நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். நடுவில் எங்கே ஏறினார்? என் நிருபர் இப்படி ஒரு செய்தியோடு வந்தால் "யார் பார்த்தது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். சரித்திரம் என்றால் மட்டும் எல்லாருக்கும் கை தாராளமாகிவிடுகிறது.

செப்டம்பர் 12
தூக்கம் இல்லை. இருமல்.

செப்டம்பர் 14
போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "செண்பகராமன் வந்தார்னு எங்க தாத்தாவே சொல்லியிருக்கார் சார்." சரி, அன்றைக்குத் தாத்தா எங்கே இருந்தார் என்றேன். "மறுநாளே பெட்டி படுக்கையோட ஊருக்கு ரயிலேறிட்டாராம், அதை விடுங்க சார்..." அதை விடுவதாவது! எனக்கு வேண்டியதே அதுதான். ஊரே காலி செய்துகொண்டு ஓடியதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கிறேன், இவர் அதைத் தாண்டிக் குதித்து மறுபடி கப்பலுக்கே போகிறார். அரை மணி நேரம் மல்லுக்கட்டியதில் மூன்று வரி தேறியது.

செப்டம்பர் 17
இன்னொரு பரிசோதனை வேண்டுமாம். வீட்டில் சொல்லவில்லை.

செப்டம்பர் 19
உதவி ஆசிரியர் வைத்த தலைப்பு: 'எம்டனில் வந்த தமிழன்!' அடித்தேன். "ஓடும் சார்" என்றார். ஓடும், அதுதான் எரிச்சல். கடைசியில் கேள்விக்குறி போட்டுத் தப்பிக்கலாமே என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் அடித்தேன்.

செப்டம்பர் 20
கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிவாங்கி, கேப்டன் முல்லர் எம்டனைத் தரைதட்ட விட்ட பகுதியை எடுத்தால் இடம் சரியாகிவிடும். செண்பகராமன் பத்தியை எடுத்தாலும் சரியாகிவிடும். எடுக்க மாட்டேன். தாத்தாவின் மூன்று வரியும் இருக்கும். பக்கம் நாலு மணிக்குப் போயாக வேண்டும், தலைப்பு இன்னும் வைக்கவில்லை.