பாதம் அசைந்தால் சுளுக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள்

ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தது போலிருந்து, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லையா? அதைச் சுளுக்கு என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அன்றிரவு அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "பாதத்தைக் கீழே அழுத்துங்க" என்றார். அழுத்தினேன், ஓரளவு அழுந்தியது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. கிரேப் பேண்டேஜ், ஐஸ், வலி மாத்திரை, அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்த பிறகும் படி ஏறினால் இடது குதிகால் எழும்பவில்லை. வேறொரு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரேயை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி என்னைக் குப்புறப் படுக்க வைத்து, வலது கெண்டைச்சதையைக் கையால் அமுக்கினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. இடது சதையை அமுக்கினார். பாதம் அப்படியே கிடந்தது. "அக்கிலீஸ் அறுந்துடுச்சு" என்றார், கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாணைத்தான் சொன்னார். 1957-இல் சிம்மண்ட்ஸ், 1962-இல் தாம்சன் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்த சோதனை இது. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். முதல் இடத்தில் யாரும் இதைச் செய்யவில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அப்படியானால் அன்றைக்குப் பாதம் எப்படி அழுந்தியது? மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். கெண்டைக்காலில் வெளியே புடைத்துத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் அடிமுனையில் தொடங்குகிறது. அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் ஒட்டுகின்றன. உடம்பிலேயே தடித்த நாண் அதுதான். ஆனால் இன்னும் ஆழத்தில் கால்விரல்களை மடக்கும் தசைகளும் பக்கவாட்டில் பெரோனியஸ் தசைகளும் இருக்கின்றன. அவையும் பாதத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கும். உடம்பின் எடையைத் தூக்கும் அளவுக்கு அவற்றுக்குப் பலம் கிடையாது, அவசரத்தில் பார்க்கிற டாக்டரை ஏமாற்ற அது போதும்.

சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஏதாவது சமீபத்தில் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். அந்த வகை மருந்துகள் நாணைப் பலவீனமாக்கக்கூடும் என்று 2008-லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். நான் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டினார்கள், அப்புறம் கணுக்காலை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸ். உள்ளே குதிகாலுக்கு அடியில் வைத்திருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று வீட்டில் யாராவது பாதத்தை மேல்நோக்கி வளைத்துவிட வந்தால் தடுத்துவிடுங்கள். தசைக்குச் சுருங்கி இழுக்க மட்டும்தான் தெரியும். அப்படி வளைத்ததில் நாண் நீண்டு ஒட்டிவிட்டால், தசை சுருங்குவதில் பாதி அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்கவே போய்விடும். பிசியோதெரபியில் குதிகால் தூக்கும் பயிற்சியை முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை செய்யச் சொல்வார்கள். ஒரே பயிற்சியை எதற்கு இரண்டு தடவை என்று விட்டுவிடாதீர்கள். முழங்காலை மடக்கினால், அதற்கு மேலிருந்து வரும் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், சோலியஸுக்கு அப்போதுதான் முழு வேலை.

காலைவிட என்னை அதிகம் படுத்தியது இன்ஷூரன்ஸ். முதல் மருத்துவமனையின் ஓ.பி. சீட்டில் 'வலது கணுக்கால் சுளுக்கு' என்று எழுதியிருந்தார்கள். அறுந்தது இடது. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது, முழுப் பணமும் கையிலிருந்து கட்டினேன். திருத்தித் தரச் சொல்லி ஊன்றுகோலோடு ரெக்கார்டு பிரிவுக்குப் போனால், "கம்ப்யூட்டர்ல லாக் ஆயிடுச்சு சார், அந்த டாக்டரும் இப்ப இங்க இல்ல" என்று தலையைத் தூக்காமலே சொன்னார் அங்கிருந்தவர். அடுத்த தடவை போனால் ஆளே இருக்கையில் இல்லை.

கடைசியில் மச்சான் ஒரு மனு எழுதினார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, மனு கிடைத்ததற்கு அதன் நகலில் சீல் போடச் சொல்லிக் கேட்டோம். சீல் விழுந்ததும் ஃபைல் கிடைத்துவிட்டது. நர்ஸ் எழுதிய முதல் தாளில் 'இடது' என்றே இருந்தது. யாருக்கும் பயன்படாமல் கிடந்த எக்ஸ்ரே ஃபிலிமின் மூலையிலும் இடது பக்கத்துக்கான 'எல்' எழுத்து பளிச்சென்று இருந்தது. இரண்டையும் வைத்து, மருத்துவமனையிடமிருந்து திருத்தக் கடிதம் வாங்கினோம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். ஓ.பி. சீட்டில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே படித்துவிடுங்கள்.

பணம் வந்துவிட்டது. பூட்ஸுக்கான தொகையை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதற்கு முறையீடு போட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்து இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார்தான்.