கதவில் ஒட்டிய சம்மனும் நான் தேடிப்போன முன்ஜாமீனும்

போன வருஷம் புரட்டாசியில் ஆத்தா (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் செய்தார். "தம்பி, கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது. என்னைப் போய் என்னமோ வாதின்னு எழுதியிருக்காங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு கதவைச் சாத்திட்டேன்." நானும், "நல்ல வேலை செஞ்சீங்க" என்றேன். முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது.

சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு திரும்பிப் போய்விடாது. கோர்ட் ஊழியரான அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டிய விவரத்தைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். சம்மன் சார்வானதாகவே, அதாவது நம் கையில் சேர்ந்ததாகவே, எடுத்துக்கொள்வார்கள். எங்கள் முகப்புக் கதவு பர்மா தேக்கு, நிலைக்கு மேலே கஜலட்சுமி. அந்த லட்சுமிக்கு நேர் கீழே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து பார்த்தபோது பாதிக் காகிதத்தைக் காணோம். அக்கம்பக்கம் பார்க்குமே என்று ஆத்தா தண்ணீர் தொட்டுச் சுரண்டியிருக்கிறார். வழக்கு எண்ணும் '2ஆம் பிரதிவாதி' என்பதும் மட்டும் மிச்சம். வாய்தா தேதி சுரண்டலோடு போய்விட்டது.

பிரதிவாதி என்றால் குற்றவாளி என்று நானும்தான் நினைத்தேன். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முன்ஜாமீனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ரைட்டர் அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஓ.எஸ். நம்பர். சொத்துத் தாவா. இதுக்கு எதுக்கு முன்ஜாமீன்?"

வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தை முதலில் பாருங்கள். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, அதாவது சிவில். வழக்குப் போட்டவர் வாதி, யார்மேல் போட்டாரோ அவர் பிரதிவாதி, அவ்வளவுதான். எங்கள் வழக்கில் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், என் அண்ணன், வாதி. பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கக் கேட்டிருந்தார். எல்லாப் பங்குதாரரையும் சேர்த்தால்தான் பாக வழக்கு நிற்கும் என்பதால் ஆத்தாவும் பிரதிவாதி ஆகிவிட்டார். சி.சி. என்று இருந்தால் அது மாஜிஸ்திரேட் கோர்ட் கிரிமினல் வழக்கு. எஃப்.ஐ.ஆர்., ஜாமீன், 'குற்றம் சாட்டப்பட்டவர்' எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டங்களை ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். அதுவும் தண்டம். அவை மாற்றியது கிரிமினல் பக்கத்தையும் சாட்சியச் சட்டத்தையும். சிவில் வழக்கு 1908ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டப்படிதான் இன்னும் ஓடுகிறது.

'சிவில்தானே, பத்து வருஷம் இழுக்கும்' என்று சென்னைக்கு பஸ் ஏறினேன். இரண்டாவது தப்பு. தை பிறந்த பிறகு அண்ணன் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆன விஷயம் தெரிந்தது. ஒரு தரப்பு வராததால் வந்த தரப்பை மட்டும் கேட்டுக் கொடுக்கும் தீர்ப்பு அது. அலறி அடித்துக்கொண்டு வக்கீல் அம்மாவிடம் போனேன். "டிகிரி ஆகி 22 நாள். 30 நாளுக்குள் ரத்து மனு போடணும். இன்னும் பத்து நாள் தூங்கியிருந்தா தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டிருக்கணும்" என்றார். வழக்கு எண் கையில் இருந்தால் இகோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனைக்கும் கோர்ட் கவுண்டரில் நான் தேதி கேட்டிருக்கிறேன். "வக்கீலை வரச் சொல்லுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

ஆனது முதல்நிலை டிகிரிதான் என்பதில் கொஞ்சம் மூச்சு வந்தது. யாருக்கு எத்தனை பங்கு என்பதோடு அது நிற்கும். எந்த அறை யாருக்கு என்பது இறுதி டிகிரியில்தான். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை இருக்கிற வீட்டை அளந்து வெட்டவா முடியும்? முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்ட அன்று ஆத்தா சாப்பிடவில்லை.

ரத்து மனுவுக்கு அப்பச்சியின் (அப்பாவின்) வாரிசுச் சான்று வேண்டும் என்றார் வக்கீல் அம்மா. ஓர் அலுவலகத்தில், "அதெல்லாம் கோர்ட்டில் வாங்கணும்" என்று அனுப்பினார்கள். கோர்ட்டில் கொடுப்பது இறங்குரிமைச் சான்று. பேங்க் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு அது. வாரிசுச் சான்று தாசில்தார் கொடுப்பது, இ-சேவையில் மனுப் போடலாம். ஒரு நாள் போச்சு. சரி, போட்டேன். திருப்பி அனுப்பினார்கள்: அப்பத்தா பெயர் இல்லை.

அப்பச்சி காலமானது 2011, அப்பத்தா 2016. மகன் இறக்கும்போது தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல்நிலை வாரிசு. மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் சம பங்கு. உயில் எழுதாமல் அப்பத்தாவும் போய்விட்டதால் அந்தப் பங்கில் பெரியப்பச்சிக்கும் அத்தைக்கும்கூட ஒரு துண்டு போகிறது. இது தெரியாமலே எங்கள் வீட்டில் பத்து வருஷமாக 'நம்ம பங்கு' கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பத்தாவின் இறப்புச் சான்றைத் தேடி இரண்டாங்கட்டில் இருந்த தகரப் பெட்டி முழுவதையும் கவிழ்த்தேன். மொய் நோட்டுக்குள் இருந்தது.

செலவுத் தொகை கட்டச் சொல்லி எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்தார்கள். பதிலுரையும் தாக்கல் ஆகிவிட்டது. சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைப் போட வேண்டும், நீதிபதி விட்டால் 90 நாள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி மையத்தில் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஃபீஸ் கொடுத்து முடித்த மறுவாரம்தான் அதற்கான போர்டு கோர்ட் வளாகத்திலேயே என் கண்ணில் பட்டது.

அடுத்த வாய்தா ஆடியில். சமரசப் பேச்சுக்கு அனுப்பலாம் என்று இரு தரப்பு வக்கீல்களும் சொல்கிறார்கள். நேற்று ராத்திரி அண்ணன் போன் செய்து, "காரைக்குடியிலிருந்து தனியா எதுக்கு பஸ்ல வர்ற? என் கார்லயே போயிரலாம், ஆத்தாவையும் கூட்டிக்க" என்றார். போகலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன். "வாதியும் பிரதிவாதியும் ஒரே கார்ல போகலாமான்னு வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டு வா" என்கிறார்.