சூழலியல் பொருளியல் முதுகலை: முதலில் லிட்டர், கடைசியில் ரூபாய்

பி.ஏ. பொருளாதாரம் முடித்துச் சூழலியல் பொருளியல் முதுகலைக்கு வருகிறவர்களில் பலர் முதல் பருவத்தில் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். புறவிளைவு (ஒருவர் செயலின் பாதிப்பு மற்றவர் மேல் விழுவது), மாசு வரி, உமிழ்வு உரிமை வர்த்தகம் என்று சுற்றுச்சூழல் பொருளியலில் படித்ததை அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடுகிறார்கள். படித்தது தவறில்லை, வரிசைதான் தவறு. சூழலியல் பொருளியலின் முன்னோடி ஹெர்மன் டேலி வகுத்த வரிசையில் முதல் கேள்வி அளவு: இயற்கையிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு கழிவை அதற்குள் தள்ளலாம்? அடுத்தது பங்கீடு: எடுத்தது யாருக்கு? மூன்றாவதாக வருவது ஒதுக்கீடு. விலைக்கும் சந்தைக்கும் அங்கேதான் இடம்.

நிலத்தடி நீர் பற்றிக் கேள்வி வந்தால் பம்ப்செட் மின்கட்டணத்தில் தொடங்காதீர்கள். அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு எவ்வளவு நீர் ஊறுகிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம் என்று முதலில் எழுதுங்கள். அடுத்து, திறந்த கிணறு வைத்திருப்பவருக்கும் ஆயிரம் அடி போர் போட வசதியுள்ளவருக்கும் பங்கு எப்படி என்று பாருங்கள். கட்டணம் அதற்குப் பிறகு. தாள் எதுவானாலும் இந்த வரிசை உதவும்.

நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971இல் வெளியிட்ட என்ட்ரோபி (ஆற்றல் பயன்படாத வடிவத்துக்குச் சிதறுவதன் அளவு) நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துப் பாதியில் மூடிவைப்பவர்கள் அதிகம். வெப்ப இயக்கவியலின் முதல் இரண்டு விதிகளைப் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு பொருளாதாரம் பேசும் அத்தியாயங்களுக்குப் போங்கள். 'பூமி ஒரு தனிமைப்பட்ட அமைப்பு' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பூமிக்குள் சூரிய ஆற்றல் வருகிறது, வெப்பம் வெளியேறுகிறது. பொருள்தான் ஏறக்குறைய உள்ளேயே நிற்கிறது. ஆகவே அது ஆற்றலுக்குத் திறந்த, பொருளுக்கு மூடிய அமைப்பு. இதைப் பிழையாக எழுதினால், 'சூரிய ஆற்றல் இருக்கும்போது என்ட்ரோபி எப்படித் தடையாகும்?' என்ற அடுத்த கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

கணக்கில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது கழிவு வீதத்துக்கு, அதாவது எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதத்துக்கு (discount rate). அந்த வீதத்தைத் தரும் ராம்சே சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, எண்ணைப் போட்டுப் பழகுங்கள். பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி 2006இல் வந்த ஸ்டெர்ன் அறிக்கையில் தூய கால விருப்பம் (பின்னால் வருகிறது என்பதற்காகவே ஒன்றைக் குறைத்து மதிக்கும் வீதம்) 0.1%, நுகர்வு நெகிழ்ச்சி (நுகர்வு கூடக்கூடக் கூடுதல் ரூபாயின் பயன் குறையும் வேகம்) 1, தலா நுகர்வு வளர்ச்சி 1.3%. நெகிழ்ச்சியை வளர்ச்சியால் பெருக்கிக் கால விருப்பத்தைக் கூட்டினால் 1.4%. நூறு ஆண்டு கழித்து நேரும் ஒரு கோடி ரூபாய் சேதத்துக்கு இந்த வீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம். பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் பயன்படுத்திய சுமார் 5.5% வீதத்தில் அதே சேதம் 47,000 ரூபாய்ச் சொச்சமாகச் சுருங்கிவிடும். இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 0.1% என்பது சந்தையில் அளந்த எண் அல்ல, இன்னும் பிறக்காதவர்களை எப்படி நடத்துவது என்ற அறமுடிவு என்று எழுதும் விடைக்குத்தான் கனம் இருக்கும்.

ஒவ்வொரு துறையும் மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் லியான்டிஃப் உள்ளீடு–வெளியீட்டு அட்டவணையைக் கையால் ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள். இரண்டு துறைகள் போதும். ஒரு ரூபாய் துணிக்கு 30 காசு வேளாண் பொருளும் 20 காசு துணியும் வேண்டும். ஒரு ரூபாய் வேளாண் பொருளுக்கு 20 காசு வேளாண் பொருளும் 10 காசு துணியும் வேண்டும். நேரடி நீர்ச்செலவு ஒரு ரூபாய்க்கு வேளாண்மையில் 10 லிட்டர், துணியில் 1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு அணியிலிருந்து இந்த அட்டவணையைக் கழித்து, அதன் நேர்மாறு அணியை எடுத்து நீர்ச்செலவால் பெருக்கினால், ஒரு ரூபாய் துணி மொத்தத்தில் 6.23 லிட்டரை உறிஞ்சுவது தெரியும். உங்களுக்கு 2.95 வந்தால் நிரையையும் நிரலையும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள்.

இயற்கைக்கு ரூபாய் மதிப்புப் போடும் முறைகளில் மாணவர்கள் விரும்பி எடுப்பது பயணச் செலவு முறை: ஓர் இடத்துக்கு வர மக்கள் செய்யும் செலவிலிருந்து அதன் மதிப்பைக் கணிப்பது. வேடந்தாங்கல் போன்ற இடத்துக்கு அது பொருந்தும். பயணச் செலவின் கெழு –0.004 என்று வந்தால் ஒரு வருகைக்கான நுகர்வோர் உபரி (கொடுக்கத் தயாரான தொகை உண்மைச் செலவை மிஞ்சும் அளவு) 1 ÷ 0.004, அதாவது 250 ரூபாய். கஷ்டம் தரவில்தான் இருக்கிறது. வாசலில் நின்று கேட்டால் ஒருமுறைகூட வராதவர் உங்கள் கையில் சிக்கமாட்டார், அடிக்கடி வருபவர் கூடுதலாகச் சிக்குவார். எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் மாதிரியில் வருகை எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது சரியாகும். சராசரியைவிடப் பரவற்படி மிகப் பெரிதாக இருந்தால் எதிர்மறை ஈருறுப்பு மாதிரிக்கு, அதற்குரிய திருத்தத்துடன், மாற வேண்டும். புதுச்சேரி போகும் வழியில் எட்டிப்பார்த்தவரின் முழுச் செலவையும் பறவைகள் கணக்கில் ஏற்றாதீர்கள். பயண நேரத்துக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு வைப்பது வழக்கம். பூஜ்யம் வைத்தும் முழுக் கூலி வைத்தும் கணக்கிட்டு மூன்றையும் காட்டுங்கள்.

'எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று நேரடியாகக் கேட்கும் முறையை எடுத்தால், எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993இல் தந்த பரிந்துரைகளைப் படிக்காமல் கேள்விப்படிவம் எழுத வேண்டாம். பூஜ்யம் சொன்னவரிடம் ஏன் என்று கேட்கும் வரி கட்டாயம் இருக்கட்டும். 'அது அரசாங்கத்தின் வேலை' என்பவர் எதிர்ப்பைச் சொல்கிறார். அந்த இடம் மதிப்பில்லாதது என்று அவர் சொல்லவில்லை.

ஆய்வேட்டுக்குச் சென்னையின் பள்ளிக்கரணையை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2022இல் ராம்சார் பட்டியலில் (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். கோஸ்டான்சா குழு 1997இல் வெளியிட்ட, உலகச் சூழல் சேவைகளை ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்ட கட்டுரையிலிருந்து ஹெக்டேர் மதிப்பை உருவி இதனால் பெருக்குவது ஆய்வாகாது. அது உலகச் சராசரி. சதுப்புநிலத்தில் ஓர் ஏக்கரை மண்ணால் நிரப்பினால் பக்கத்து வேளச்சேரியில் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

ஒரே ஒரு சேவையை, உதாரணமாக வெள்ளநீரைத் தாங்குவதை, எடுங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். வெள்ளத்தின்போது அங்கே உண்மையில் எத்தனை மீட்டர் ஏறுகிறது, முன்பே எவ்வளவு நிறைந்திருந்தது என்று பார்த்துக் கழித்தால் தாங்கும் கொள்ளளவு கிடைக்கும். அதன் பிறகே ரூபாய்க்கு வரலாம். சதுப்புநிலம் செய்யும் வேலையை வேறொன்றைக் கட்டிச் செய்ய ஆகும் செலவை அதன் மதிப்பாக எடுக்கும் மாற்றுச் செலவு முறையைப் போட மூன்று நிபந்தனைகள் உண்டு: மாற்றாகக் கட்டுவது அதே சேவையைத் தர வேண்டும், இருப்பதில் அதுவே மலிவாக இருக்க வேண்டும், சதுப்புநிலம் இல்லாமல் போனால் மக்கள் அந்தச் செலவை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவதை நிறுவாமல் விட்டால் வாய்மொழித் தேர்வில் (வைவா) முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

கள வேலைக்குக் காலம் பார்க்க வேண்டும். வேடந்தாங்கலில் சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை, ஆகவே வனத்துறை அனுமதிக்கு ஆகஸ்டிலேயே எழுதுங்கள். சீசன் தொடங்கியதும் முப்பது படிவங்களோடு ஒரு முன்னோட்டம் நடத்தி, மக்கள் தயங்கிய கேள்விகளை மாற்றிவிட்டு முழு ஆய்வில் இறங்கினால் பொங்கல் விடுமுறைக் கூட்டம் தவறாது. சாதாரண வார நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் மட்டுமே உங்கள் தரவில் இருப்பார்கள்.