அரிசிப் பையைத் தூக்குவதற்கு முன்

சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய 10 கிலோ அரிசியை வீட்டில் இறக்கி வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், பழி முழுக்க அரிசி மேல்தான் விழும். ஆனால் எடையைவிடப் பெரிய விஷயம், அந்தப் பை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்புக்கு வெகு அருகில், சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு இழுக்கின்றன. கையை நீட்டிப் பையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அந்தப் பத்துக் கிலோவுக்காக மட்டும் அவை 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 40 கிலோ போதும். குனிந்திருக்கும் நம் மேலுடம்பின் பாரம் இதில் சேரவில்லை, அது வேறு.

அதனால் முதலில் பையை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். காரின் பின்பெட்டிக்குள் மூலையில் கிடக்கும் பையை எட்டித் தூக்காமல், விளிம்புவரை இழுத்துவிட்டுப் பிறகு தூக்குங்கள். தரையில் இருந்தால் பை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். முட்டியை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். யாரோ வயிற்றில் குத்தப்போகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவோமோ, அந்த அளவு வயிற்றை இறுக்கிக்கொண்டு எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். குனிந்தபடியே இடுப்பை முறுக்கிப் பக்கவாட்டில் வைப்பதுதான் பலருக்கும் வினையாக முடிகிறது. முடிந்தால் ஒரு 10 கிலோ பைக்குப் பதில் இரண்டு 5 கிலோ பைகளாக வாங்கி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சாயாது.

இடுப்பு மூட்டிலிருந்து குனிவது எப்படி என்று உடம்புக்குப் பழக்க ஒரு துடைப்பக் கம்பு போதும். கம்பை முதுகுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, வால் எலும்பு என மூன்று இடத்திலும் அது பட வேண்டும். மூன்றும் விடுபடாமல் குனிந்து நிமிருங்கள். வால் எலும்பிலிருந்து கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். ஒரு நாளைக்குப் பத்து முறை செய்துவந்தால் நாளடைவில் பல் தேய்க்கும்போதும் துணி எடுக்கும்போதும் தானாகவே அப்படிக் குனிவீர்கள்.

ஆனால் ஒன்று. தூக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுப்பதால் முதுகுவலி குறைவதில்லை என்பதுதான் வேலையிடங்களில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. முறை தெரிந்தால் போதாது, அதைத் தாங்கும் உடம்பும் வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு முதுகுவலி வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், பயிற்சியோடு விளக்கமும் பெற்றவர்களுக்குச் சுமார் 45 விழுக்காடும் குறைந்தது. இடுப்புப் பட்டையாலும் காலணிக்குள் வைக்கும் மெத்தையாலும் தடுப்புப் பலன் எதுவும் தெரியவில்லை. மருந்துக்கடையில் பட்டை வாங்கும் காசுக்கு நல்ல காலணி ஒன்று வாங்கி நடக்கலாம்.

கோடாலித் தைலத்தைக் குறை சொல்லவில்லை. தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். நாளை வரப்போகும் வலியை அது தடுக்காது. "வெறும் தரையில் படு, முதுகு நேராகும்" என்ற வீட்டுப் பெரியவர்களின் அறிவுரையும் அப்படித்தான். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் ஸ்பெயினில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் வலியைக் கூடுதலாகக் குறைத்தது.

காலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்கின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த நீர் வெளியேறும். பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். ஆகவே கட்டிலைவிட்டு இறங்கியவுடன் கால்விரலைத் தொடும் பயிற்சி, தரை துடைப்பது, குழந்தையைக் குனிந்து தூக்குவது ஆகியவற்றை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். எழும்போதும் நேராக எழாமல், பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். காலையில் யோகா செய்பவர்கள் நிற்கும் ஆசனங்களையும் மூச்சுப்பயிற்சியையும் முதலில் செய்துவிட்டு, முன்வளையும் ஆசனங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இனி பயிற்சி. முதுகுக்குத் தேவை பெரிய பலமல்ல, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் தன்மை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதற்காக மூன்று பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும்.

முதலாவது கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மடக்குங்கள், மற்றக் கால் நீட்டியிருக்கட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் பள்ளத்துக்கு அடியில் வையுங்கள். தலையையும் தோளையும் ஒரே துண்டாகப் பாயிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி, பத்து விநாடி நிறுத்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பலரும் பழக்கதோஷத்தில் முழுதாக எழுந்து உட்காரப் பார்ப்பார்கள், அல்லது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வார்கள். கழுத்து வலித்தால் இந்த இரண்டாவது தவறுதான் காரணம். கைக்கு மேலிருக்கும் இடுப்பு கையை அழுத்தி நசுக்கினால், அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள்.

இரண்டாவது சைடு பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். தொடக்கத்தில் முட்டிகளை மடக்கி, முட்டியும் முழங்கையும் தாங்க இடுப்பை உயர்த்தினால் போதும். முட்டியிலிருந்து தோள்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். முழங்கை தலைப்பக்கமாக நகர்ந்திருந்தால் தோள் வலிக்கும். இடுப்பு பின்னால் சரிந்து உட்காருவதுபோல் ஆகிவிட்டால் பக்கத் தசைகளுக்கு வேலையே இருக்காது. சுலபமாகிவிட்டது என்று தோன்றியபின் முட்டியை நீட்டிப் பாதத்தில் ஊன்றலாம்.

மூன்றாவதைப் பிசியோக்கள் (இயன்மருத்துவர்கள்) பேர்ட் டாக் என்பார்கள். கைகளையும் முட்டிகளையும் பாயில் ஊன்றி நாலு காலில் நின்று, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டிப் பத்து விநாடி நிறுத்தி, பிறகு மாற்றிச் செய்வது. நீட்டிய காலை வானத்தை நோக்கித் தூக்காதீர்கள், குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதுபோல் நீட்டுங்கள். முதுகின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துக்கொண்டால் தவறு உடனே தெரியும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தட்டு விழுந்துவிடும்.

ஒவ்வொன்றையும் முதல் சுற்றில் ஆறு, அடுத்ததில் நான்கு, கடைசியில் இரண்டு என இறங்குமுகமாகச் செய்யுங்கள். சுற்றுக்கு நடுவே இருபது, முப்பது விநாடி ஓய்வு. களைப்பு ஏற ஏறத்தான் உடம்பு கோணும், அதற்காகத்தான் எண்ணிக்கை குறைகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூன்று, இரண்டு, ஒன்று போதும். பலம் கூடும்போது நிறுத்தும் நேரத்தை நீட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கால் மணி நேரத்தில் முடியும், தினமும் செய்யலாம். இத்துடன் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக இரண்டு சுற்று சேர்த்துக்கொண்டால் தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலை கிடைக்கும். அவை சோம்பிக் கிடந்தால் அவற்றின் பங்கையும் இடுப்புதான் சுமக்கும்.

பயிற்சி பிடிக்காதவர்களும் நடக்கலாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி, 2024இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இது. முதுகுவலி வந்து குணமானவர்களில் ஒரு பிரிவினருக்குப் பிசியோ துணையோடு படிப்படியான நடைத்திட்டம் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆனது (இடைநிலை அளவு). எதுவும் கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள். இலக்கு, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் வார மொத்தத்தில் ஐந்து நிமிடமாகக் கூட்டினால் அவசரமில்லாமல் அங்கே போய்ச் சேரலாம்.

வேகம் முக்கியம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கை தோளிலிருந்து வீச வேண்டும், ஆகவே கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். கடைத்தொகுதியில் ஒவ்வொரு கண்ணாடியாக நின்று நின்று ஊர்ந்தால் இடுப்பு கனக்கும். அதே மனிதர் பூங்கா இணைப்புப் பாதையில் கைவீசி நடந்தால் இடுப்பு லேசாகிவிடும். ஹெல்தி 365 செயலியில் காலடிப் புள்ளி சேர்ப்பது நல்லதுதான், ஆனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் அலைந்து சேர்த்த காலடியும் இருபது நிமிட விறுவிறு நடையும் ஒன்றாகாது. சிங்கப்பூரில் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது, மறைவதும் மாலை ஏழை ஒட்டித்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்தால் புழுக்கம் வாட்டாது. மழையென்றால் புளோக்கின் கீழ்த்தளமும் கூரைபோட்ட நடைபாதையும் இருக்கின்றன. ரப்பர் சிலிப்பர் மட்டும் வேண்டாம். அது கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் இறுகி, அடி குறுகிவிடும்.

உட்காருவதில் சரியான நிலை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும். டாக்சி ஓட்டுபவர்களுக்கு ஒன்று: நெடுநேரம் உட்கார்ந்த முதுகு இறங்கிய உடனே பாரம் தூக்க ஆயத்தமாக இருக்காது. சாங்கி விமான நிலையத்தில் பயணியின் 25 கிலோ பெட்டியைத் தொடுமுன், காரைவிட்டு இறங்கி நிமிர்ந்து நின்று, கையை மேலே நீட்டி, இரண்டு மூச்சு விடுங்கள். பின் பாக்கெட்டில் தடித்த பணப்பையோடு ஓட்டவும் வேண்டாம்.

வருடம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, தேசிய சேவையாளர்களுக்கான உடல்திறன் தேர்வான ஐப்பிபிடி நெருங்கும்போது மட்டும் தினமும் மூச்சுமுட்ட சிட்-அப் எடுப்பதும் முதுகுக்கு ஆகாது. ஒவ்வொரு சிட்-அப்பிலும் இடுப்பு முதுகு வளைந்து அழுந்துகிறது. தேர்வில் இருப்பதால் தவிர்க்க முடியாதுதான். ஆறு வாரம் முன்பே தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், மாலையில் எடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை தோளில் பாரத்தோடு நடக்க, விரதத்தோடு சேர்த்து உடம்பையும் பழக்க வேண்டும். முதுகுப்பையில் 3 கிலோ போட்டு நடக்க ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டிப் பாருங்கள். பால்குடம் எடுப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை, கழுத்தை நேராக வைத்து அடியைச் சுருக்கி நடந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் பிடித்துக்கொள்ளலாம். அப்போது நாள்கணக்கில் படுத்துவிடாதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பத்து நிமிடமென்று நடங்கள். பெரும்பாலான பிடிப்பு சில வாரத்தில் தணியும். தணியாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், அங்கிருந்து பிசியோவிடம் அனுப்புவார்கள். ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்து தொய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுவலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.