எந்த மனநிலை?

இன்று காலை திருகோணமலையில், உளமருத்துவ கிளினிக் வாங்கில் கைவிலங்கோடு ஒரு பொடியன். பக்கத்தில் சிறைக்காவலர். அவர் கையிலிருந்த நீதிமன்ற உத்தரவில் ஒரே வரி: "மனநிலை குறித்து அறிக்கை தரவும்."

எந்த மனநிலை?

இன்று வழக்கை விளங்கி, சட்டத்தரணிக்கு விபரம் சொல்ல முடியுமா என்பது ஒரு கேள்வி. சம்பவ நேரத்தில் தான் செய்வது என்ன, அது பிழையா, சட்டத்துக்கு மாறா என்று அறியும் நிலையில் இருந்தாரா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்குரியது, மனநோயால் அப்படி அறியமுடியாத நிலையில் செய்தது குற்றமாகாது என்கிற, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. மருந்து எடுத்து இன்று தெளிவாகப் பேசுபவர் அன்று எப்படி இருந்தார் என்பதைத் தனியாகத்தான் தேடவேண்டும்.

நீதிமன்றத்துக்காக ஒருவரின் மனநிலையை மதிப்பிடும் நீதிசார் உளமருத்துவப் பயிற்சியின் அத்திவாரமே இந்தப் பிரிப்புத்தான்.

பேசத் தொடங்கமுன், "நீங்கள் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும்" என்று விளங்கும் தமிழில் சொல்லவேண்டும். பொலிஸ் வாக்குமூலம், பழைய கிளினிக் கொப்பி, வீட்டார் சொல்வது எல்லாம் பார்த்தபிறகே எழுதவேண்டும்.

பிழைக்கிற இடம், "ஸ்கிசோஃப்ரினியா" (மனச்சிதைவு) என்று நோயின் பெயரோடு அறிக்கையை முடிப்பது. நோய் இருந்தும் செய்தது பிழையென்று ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். நோயின் பெயரை மட்டும் வைத்து நீதவான் என்ன முடிவெடுப்பார்? இன்னொரு திகதி போடுவார். பொடியன் விளக்கமறியலிலேயே இருப்பான்.

கிழக்கில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தமிழில் நேரே கேட்டறியக்கூடிய, இந்தப் பயிற்சி பெற்ற உளமருத்துவர்கள் கட்டாயம் வேண்டும்.